தண்ணீரை அரைத்த அக்கா

மாவக்கா "அப்டியா!" என்று சொல்வதைக் கேட்டால், சொல்ல வந்தவர்கள் கூடவே இன்னும் இரண்டு சங்கதி சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கண் விரியும், கை கன்னத்துக்குப் போகும், இடுப்பில் இருக்கும் குடத்தைக்கூடக் கீழே இறக்கி வைத்துவிடுவாள். டெய்லர் வீட்டம்மா தன் மகள் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் பெயிலாகிவிட்டாள் என்று குழாயடியில் மெல்லச் சொன்னபோதும் அதே "அப்டியா!"தான். முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டில் நடந்த அழுகை, திட்டு, "இனிமே உனக்கு போனு கெடையாது" என்ற தீர்ப்பு, மகள் சோறு வேண்டாம் என்றது, அப்புறம் பசி தாங்காமல் சாப்பிட்டது எல்லாம் எங்கள் ஐந்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தது. அக்கா வீடு அதற்கு ஒட்டின வீடு. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தால் அந்தச் செய்தி இந்த உலகத்தில் முதன்முதலாக அவள் காதில்தான் விழுகிறது என்று சத்தியம் செய்யலாம்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது புரியாது. செங்கல்பட்டு ஜங்ஷனுக்குப் பின்பக்கம் இருந்த அது ஒரு காலத்தில் நெல் கிடங்கு. ஓனர் அதை ஐந்து போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். தடுத்தவர் முழுதாகத் தடுத்தாரா என்றால் இல்லை. வீட்டுக்கு வீடு நடுவில் இருந்த சுவர், ஆள் நின்று கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் சிமெண்ட் ஷீட் கூரை வரைக்கும் வெட்டவெளி. "காத்தோட்டமா இருக்கும்மா" என்று வீடு காட்டும்போது பெருமையாகச் சொன்னார். காற்று வந்ததோ இல்லையோ, தாளிக்கிற வாசனையும் இருமலும் கொட்டாவியும் சீரியல் மாமியார்களும் சுவரேறிக் குதித்து வந்துகொண்டே இருந்தார்கள்.

இது போதாதென்று ரயில். வண்டி போகும்போது அங்கே யாரும் கத்திப் பேசமாட்டார்கள். வாயில் இருந்த சொல்லை அப்படியே நிறுத்திவிட்டு, வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து எடுப்பார்கள். நான் குடிவந்த புதிதில் டெய்லர் வீட்டம்மா "உங்க மாமியாரு" என்று ஆரம்பித்து, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று ஆடி அசைந்து போய் முடிந்ததும், "நல்ல மாதிரியா?" என்று முடித்தாள். மாமியாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் அதற்குள் பாதி அழுதிருந்தேன்.

நான் அச்சரப்பாக்கம் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்றால் வரப்பில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவோம். கல்யாணமாகி இங்கே வந்து, புருஷனிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. அவருக்கு மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை மிஷின் அடித்து வளைக்கிற இடம். கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் வருவார். நல்ல மனுஷர். அப்போது எனக்கு அது முழுக்கத் தெரியாது, கல்யாணமாகி ஆறேழு மாதத்தில் யாருக்குத்தான் என்ன தெரியும்?

அக்காவுக்குத் தொழில் இட்லி மாவு. சுற்றுவட்டாரத் தெருக்காரர்கள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். ஓட்டலில் இருக்கிற மாதிரி பெரிய கிரைண்டர் ஒன்றைப் பழையதாக வாங்கிப் போட்டிருந்தாள். அது ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டு ஸ்டாண்டில் டம்ளர்கள் கிலுகிலுவென்று ஆடும். வேறு கட்டடமாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு அடிதடியே நடந்திருக்கும். நாங்களோ அது எப்போது ஓடும் என்று காத்துக் கிடந்தோம். மாமியாரைப் பற்றிப் புலம்ப வேண்டுமா, டாக்டர் சொன்னதைப் புருஷனிடம் சொல்ல வேண்டுமா, புதுப் பெண்டாட்டியைக் கொஞ்ச வேண்டுமா, எல்லாம் கிரைண்டர் ஓடும் நேரத்தில்தான். அது ஓடும்வரை ஐந்து வீட்டிலும் மனுஷர்கள் மனுஷர்களாகப் பேசுவார்கள். நின்றதும் எல்லோரும் ஒரே சமயத்தில் குரலை இறக்குவோம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உள்ளே வந்த மாதிரி இருக்கும்.

அவசரமாக ஏதாவது பேசியாக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருந்தது. அக்கா வாசலில் போய் நின்று, "ஊற வெச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி வராது. "தோ, போடப்போறேன்" என்பாள். நாம் நம் வீட்டுக்குள் நுழைவதற்குள் கிரைண்டர் ஓட ஆரம்பித்திருக்கும்.

இந்த வழக்கமெல்லாம் தெரியாத முதல் மாதத்தில் ஒரு மத்தியானம் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எத்தனை அடக்கினாலும் விம்மல் வெளியே வரத்தான் செய்தது. சட்டென்று பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. அப்பாடா என்று வாய்விட்டு அழுது தீர்த்தேன். அழுது முடித்து, முகம் கழுவி, கொஞ்சம் மாவு வாங்கலாம் என்று போய்ப் பார்த்தால் கிரைண்டருக்குள் அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. வெறும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா அரைக்கிறீங்க?" என்றேன்.

"கல்லு தேஞ்சி போச்சான்னு பாக்கறேம்மே" என்றாள், என் வீங்கின கண்ணைப் பார்க்காமல். "மாவு சாயங்காலந்தான். இன்னிக்குக் கரண்டு போவுமாமே, உனுக்குத் தெரியுமா?"

எனக்குக் கரண்டைப் பற்றி என்ன தெரியும்? அழுத கண்ணைப் பற்றிப் பேசாமல் இருக்க அவளுக்கு வேறு பேச்சு வேண்டும், அவ்வளவுதான். அவள் தண்ணீரை அரைக்கிறாள் என்றால் எங்கேயோ யாரோ அழுகிறார்கள் என்று அர்த்தம் என்பதைப் பிறகு டெய்லர் வீட்டம்மாதான் எனக்குச் சொன்னாள்.

மாவக்காவே சத்தக்காரி. தன் வாசலை விட்டுக் கிளம்பும்போதே இருமுவாள். குழாயடிக்கு வந்தால் பக்கெட்டை நங்கென்று வைப்பாள். அடுத்தவர் வாசலைத் தாண்டும்போது செருப்பைத் தேய்த்து நடப்பாள். நான் வருகிறேன், பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். ஒருநாள் அவளைச் சீண்டிப் பார்த்தேன். "ஏங்க்கா, உங்க செருப்புக்கு மாசம் ஒரு தரம் உயிர் போவுது, காலைத் தூக்கி நடந்தா ஆவாதா?"

சிரித்தாள். அன்றைக்குத்தான் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். அங்கே அலைச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்களாம். ரகசியம் பேசினால்கூடத் தெருமுனைக்குக் கேட்குமாம். யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. மீன் லாரி ஓட்டுகிற புருஷனைக் கட்டிக்கொண்டு இந்தக் கிடங்குக்கு வந்தபோது எல்லா வீட்டிலும் குசுகுசுவென்று பேசினார்களாம்.

"என்னப் பத்தித்தான் பேசறாங்கன்னு நெனச்சிகினேன்" என்றாள். "பேஜாராப் பூட்சி எனுக்கு. பொறந்த வூட்டுக்கே போய்ட்லாம்னு பொட்டிகூட கட்டிட்டேன். அப்பால பாத்தா, பாவம், என் காதுல வுழப்போவுதுன்னு பயந்துகினு பேசிகினு கீறாங்க. கட்ன பொண்டாட்டிகிட்ட பேச எதுக்கும்மே பயம்? சத்தம் என்னுதா இருந்துட்டுப் போவட்டும். அவுங்க பேசட்டும்."

அந்த லாரிக்காரர் நான் அங்கே குடிவருவதற்குச் சில வருஷம் முன்பே தவறிவிட்டார். ஒரே மகளைத் தன் ஊரிலேயே கட்டிக் கொடுத்திருந்தாள். இதற்கு மேல் அவளைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட அவளைப் பற்றி எங்களுக்குத் தெரியாது.

இரண்டாம் வருஷம் என் வீட்டில் நிலைமை கெட்டது. என் கணவர் கத்த ஆரம்பித்தார். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் எதற்கெடுத்தாலும் தொண்டை கிழியக் கத்தினார். நான் அடுப்பைப் பார்த்தபடி ஏதாவது கேட்டால் பதில் வராது. போன் செய்தால் "ம், ம், சரி" என்று வைத்துவிடுவார். பக்கத்தில் போய்ப் பேசினால் என் வாயையே முறைத்துப் பார்ப்பார். உனக்கு என்னைப் பிடிக்கவில்லையா என்று ஒருநாள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே கேட்டேன். திரும்பக்கூட இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவர் கத்தத் தொடங்கினாலே அக்கா கிரைண்டரைப் போட்டுவிடுவாள். எங்கள் சண்டை அடுத்த வீடுகளுக்குக் கேட்கக் கூடாது என்ற நல்ல எண்ணம். கிரைண்டர் ஓடுகிறது என்று நானும் கத்துவேன். நான் கத்துகிறேன் என்று அவரும் இன்னும் கத்துவார். சண்டை இல்லாத வீட்டில் சண்டைச் சத்தம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. இப்படி ஒரு கூத்து வேறு எந்த ஊரிலாவது நடந்திருக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. எப்போதும்போல எல்லா வீட்டிலும் குரல் ஒன்றாக இறங்கியது. அந்த அமைதியில் என் கணவரின் குரல் மட்டும் இடி இடிக்கிற மாதிரி நின்றது.

"இந்த மஞ்சப் பொடவைல ஜோராக் கீறே!"

உடனே சுவர்களைத் தாண்டிச் சிரிப்பு. டெய்லர் வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எங்களுக்கும் காட்டும்மா" என்றாள். எனக்கு மானம் போயிற்று. மெதுவாப் பேசக் கூடாதா என்று பல்லைக் கடித்தபடி கேட்டேன். "இன்னா?" என்று அதற்கும் அதே இடி. மறுபடியும் சிரிப்பு. என்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார் என்று முடிவு கட்டினேன். அக்கா வீட்டிலிருந்து மட்டும் சிரிப்பு வரவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்றே அச்சரப்பாக்கத்துக்குப் போன் போட்டேன். உரக்கடை வைத்திருக்கும் என் அண்ணன் மறுநாள் காலையிலேயே பைக்கில் வந்து இறங்கிவிட்டான். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே வாய். துணியைப் பையில் திணித்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். குழாயடியில் எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நின்றார்.

"இன்னா மாப்ள நெனச்சிகினு கீறீங்க? கத்தறதுக்குத்தான் கட்டினு வந்தீங்களா எந்தங்கச்சிய?" என்று அண்ணன் ஆரம்பித்தான். அவன் கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கமாட்டான், தரையைப் பார்த்தபடி நடந்துகொண்டே பேசுவான். என் கணவர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாரு, பதிலுகூட சொல்லமாட்டேன்றாரு. ஏறும்மா வண்டில."

ஏறியிருப்பேன். ஏறியிருந்தால் திரும்பி வந்திருக்கமாட்டேன், எங்கள் குடும்பத்து ரோஷம் அப்படி. அப்போதுதான் அக்கா வெளியே வந்தாள். இருமவில்லை, செருப்பைத் தேய்க்கவில்லை. கை முழுக்க மாவு.

"ஒரு நிமிசம் நைனா" என்றாள் அண்ணனிடம். "அந்தத் தம்பி கோவத்துல கத்தறதில்ல."

"உங்களுக்கு எப்டிங்க தெரியும்?" என்றான் அண்ணன்.

எங்கள் கட்டடத்தில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. குழாயைக்கூட யாரோ மூடினார்கள். அக்கா டெய்லர் வீட்டம்மாவைப் பார்த்தாள், மற்றவர்களைப் பார்த்தாள். சும்மா தோன்றியது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் சாமர்த்தியத்துக்கு அது ஒரு பெரிய காரியமே இல்லை.

"கேக்குது நைனா" என்றாள். "எனுக்கு எல்லாமே கேக்குது. தெனமும் கேட்டுகினுதான் கீறேன்."

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"கத்தறான் கத்தறான்றீங்களே, இன்னான்னு கத்தறான்னு யாராச்சும் பாத்தீங்களா? 'தலவலி வுட்டுச்சா'ன்னு கத்தறான். 'உங்கம்மாவுக்கு போனு பண்ணியா'ன்னு கத்தறான். அன்னிக்கு, 'மொதல்ல நீ துன்னு, நான் அப்பால துன்றேன்'னு தெருவுக்கே கேக்கறாப்ல கத்தனான். கோவத்துல யாராச்சும் இதக் கத்துவாங்களா? நேத்து கரண்டு போனப்போ நாம அத்தினி பேரும் கொரல எறக்கனோம். அவனுக்கு எறக்கத் தெரியல. ஏன்னா கிரைண்டரு நின்னதே அவனுக்குத் தெரியல."

சொல்லிவிட்டு என் கணவருக்குப் பின்னால் போய் நின்றாள். "தம்பி" என்றாள். அவர் திரும்பவில்லை. "தம்பி, உங்காலாண்ட பாம்பு" என்றாள், எப்போதும் பேசுகிற குரலில்.

டெய்லர் வீட்டம்மா பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். அண்ணன் பைக் சீட்டில் ஏறி நின்றான். நான் துணிப்பையோடு எகிறிக் குதித்தேன். என் கணவர் மட்டும் அசையாமல், நாங்கள் ஏன் குதிக்கிறோம் என்று திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்காமல் அழுகையாக மாறியது. அத்தனை பேர் முன்னால் அவரைப் போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மானமாவது, ஒன்றாவது!

அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது. பொங்கலுக்குப் பிறகே காது மந்தமாகிவிட்டதாம். மிஷின் சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொள்ளக் கம்பெனியில் கொடுப்பதை இவரும் கூட்டாளிகளும், பக்கத்தில் நிற்பவனோடு பேச முடியவில்லை என்று பையிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் காண்டிராக்டில் இருக்கும் வேலை போய்விடும் என்று பயம். என்னிடம் சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று இன்னொரு பயம். "கிரைண்டரு ஓடும்போது எல்லாருக்கும் என்ன மாதிரிதானே" என்றார். "அப்ப மட்டுந்தான் நிம்மதியா இருக்கும்." இதையும் கத்தித்தான் சொன்னார். கட்டடமே கேட்டது, யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் என்னை ஏற்றிப் போக வந்த வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனான். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். காதில் மாட்டுகிற மிஷின் வந்தது. வேலையும் போகவில்லை. பிரஸ் ஷாப்பிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

எங்களுக்கு நல்லது நடந்தது. அக்காவுக்குத்தான் நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி தெருமுனை திரும்புவதற்குள்ளேயே டெய்லர் வீட்டம்மா கேட்டுவிட்டாள். "அப்ப எங்க வூட்ல பேசறதும் கேக்குமா?"

"உங்க வூட்ல இன்னா கேக்கப்போவுது" என்றாள் அக்கா. ஆனால் யாரும் நம்பவில்லை. ஐந்து வீட்டுக்கும் எல்லாம் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை வாயால் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் ஒப்பந்தம். அவள் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் கூசத்தான் செய்தது. நான் அழுதது, ஏங்கினது, அவரிடம் குழைந்தது எல்லாவற்றையும் அவள் வார்த்தை வார்த்தையாக வைத்திருக்கிறாள் என்று நினைத்தபோது இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. மூன்றாம் நாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். என்னிடம் ஒளிக்க இனி என்ன இருக்கிறது?

மற்றவர்கள் வரவில்லை. அவள் குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றது. "அப்டியா!" சொல்ல அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சுவருக்கு மேலே ஒரு வீட்டில் பழைய பிளெக்ஸ் பேனரைக் கட்டினார்கள், இன்னொரு வீட்டில் போர்வையைத் தொங்கவிட்டார்கள். கடைசியில் எல்லோருமாக ஓனரைப் பிடித்து, கூரை வரைக்கும் சுவரை ஏற்றச் சொன்னார்கள். அந்த வருஷம் வெயிலில் ஐந்து வீடும் அவிந்து போனது தனிக்கதை. சுவர் ஏறிய கையோடு, கிரைண்டர் சத்தம் தாங்க முடியவில்லை, குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது என்று ஓனரிடம் ஒரு புகார் போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு குடும்பம் நடத்தியவர்கள்! குழாயடியில் நின்று ஒவ்வொருவர் வீட்டு விஷயமாக எடுத்து விடட்டுமா என்று கத்தினேன். எனக்கும் எல்லாம் தெரியுமே.

அக்காதான் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். "வுடு பாப்பா. தெரிஞ்சா மாதிரி காட்டிக்கினா மனுசாளுக்குத் தாங்காது. நான் காட்டிக்கினேன். அதுக்கு இது."

"எனக்காகத்தானேக்கா" என்றேன்.

"பின்ன, உன்ன அனுப்பிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?" என்று என்னையே அதட்டினாள். அடுத்த மாதம் கிரைண்டரை விற்றுவிட்டு மகளோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

மிஷின் பழகி, ஸ்டோர் வேலையும் பழகின பிறகு ஒரு விடுமுறையில் நானும் அவரும் பஸ் பிடித்து மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அந்தக் குப்பத்துக்குப் போனோம். அக்காவைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டேன், குரலை வைத்து. வாசலில் உட்கார்ந்து மீனை உப்புப் போட்டுப் பரப்பிக்கொண்டு, கரையில் நின்ற மகளை வைதுகொண்டிருந்தாள். செங்கல்பட்டில் அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. கறுத்து, கொஞ்சம் இளைத்து, நன்றாகத்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் உப்புக் கையோடு கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

சாப்பாடு போட்டாள். வஞ்சிரத்தின் நடுத்துண்டு எல்லாம் அவர் தட்டுக்கே போனது. சாப்பிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தோம். கடல்காற்று பட்டால் மிஷின் காதுக்குள் ஊளையிடும் என்று அவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்க இருந்தப்போ நீ பாத்திரம் வெக்கிற சத்தத்துலியே எனுக்குத் தெரிஞ்சிபூடும் பாப்பா" என்றாள். "இங்கருந்து உங்க வூட்டு சத்தம் ஒண்ணும் வர்ல. இந்தக் கடலு மட்டுந்தான் கத்திகினு கீது. படுத்தா உங்க நெனப்புதான். நீயே சொல்லிடு. ரெண்டு பேரும் நல்லாக் கீறீங்களா?"

எங்களில் ஒருவரையும் அவள் அப்படிக் கேட்டதே கிடையாது. வாயைத் திறந்து விசாரித்தால், ஏதோ காதில் விழுந்துதான் விசாரிக்கிறாள் என்று ஆகிவிடும் என்பதால் எத்தனையோ வருஷம் அந்தக் கேள்வியை விழுங்கியே வைத்திருந்தவள்.

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் முந்திக்கொண்டார்.

"நல்லாக் கீறோம்க்கா! இவதான் கொஞ்சம் கோவக்காரி! ஆனா என்ன நல்லாப் பாத்துக்கறா!"

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். வேறு இடமாக இருந்தால் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி அடக்கியிருப்பேன். அன்றைக்கு அவர் தோளைத் தொட்டு என் பக்கம் திருப்பி, "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.